புதுப் பாகம், பழைய கோளாறு

எம்ஜிபி காரின் சாவியைப் பாதி திருப்பினால் எஞ்சினுக்கு முன்பே வேறொன்று பேசத் தொடங்கும். வலப்பக்கப் பின்சக்கரத்தை ஒட்டிக் கீழே மாட்டியிருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று படபடக்கும். கார்ப்பரேட்டர்களின் மிதவை அறைகள் நிறைந்ததும் நிதானமாகி நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது ஒரு கார்ப்பரேட்டர் வழிந்துகொண்டிருக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பாயின்ட் கருகியிருக்கும். மரச்சுத்தியலால் அதை ஒரு தட்டுத் தட்டி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம்.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், ஆபிங்டனுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தகரக் கொட்டகைப் பட்டறையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. எழுபதைத் தொடும் பெரியவர் சாவியைத் திருப்பினார், கையைக் காட்டி எங்கள் பேச்சை நிறுத்தினார், பம்ப் அடங்கும்வரை காத்திருந்தார். "பெட்ரோல் வருகிறது. அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்" என்றார். உடனிருந்து தொழில் பழகும் இருபது வயதுப் பெண் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

கார் அண்ணையுடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் கணக்காளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இளம் வயதில் இந்த நாட்டில் வந்திறங்கியபோது தெருவில் பார்த்து ஏங்கிய இரண்டு இருக்கைத் திறந்த காரை இப்போதுதான் வாங்கியிருக்கிறார். 1970ஆம் ஆண்டு வண்டி, கரும்பச்சை. முழுக்கப் புதுப்பித்தது என்று சொல்லி விற்றவர், ஒரு கோப்பு நிறைய ரசீதுகளும் கொடுத்திருந்தார். ஆனால் இருபது நிமிடம் ஓடியதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. ஓவர்டிரைவ் விழுவதில்லை. "ஆசையிலை வாங்கிப்போட்டன் தம்பி. இப்ப கோயிலுக்குப் போறதெண்டாலும் பஸ்ஸிலைதான்" என்று சிரித்தார்.

பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. பெரியவருக்கு இந்தச் சலுகை பிடிக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தது நின்றுபோயிற்று என்கிறார். பழைய கார் வாங்குகிறவர்கள் அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் அந்தச் சோதனைக்குப் பணம் கட்டி ஒருமுறை அனுப்பலாம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அவர் செய்தது, ரசீதுகளை மேசைமேல் தேதி வாரியாகப் பரப்பியதுதான். பெட்ரோல் பம்ப் மாற்றியது. இரண்டு கார்ப்பரேட்டருக்கும் கிட் போட்டது. காயில். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, ரோட்டர், கண்டன்சர். பிறகு மறுபடி ஒரு பெட்ரோல் பம்ப். நடுவில் கிளட்ச். நோயாளியின் கேஸ் ஷீட்டை டாக்டர் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "அவருக்கும் இதே கோளாறுதான் இருந்திருக்கிறது. பாகம் மாற்றி மாற்றித் துரத்தியிருக்கிறார்" என்றார். புதிதாகக் கைக்கு வந்த பழைய காரில் உற்பத்திக் குறை என்று ஒன்றும் மிச்சமில்லை, ஐம்பது வருடத்தில் அதெல்லாம் தீர்ந்திருக்கும் என்பது அவர் கட்சி. இப்போது இருப்பது கடைசியாகத் தொட்டவர்கள் விட்டுப்போனது. ஆகவே யார் எதைத் தொட்டார்கள் என்பதிலிருந்து தேட வேண்டும்.

கிளட்ச் ரசீதை மட்டும் தனியே எடுத்து வைத்தார். இந்தக் காரில் கிளட்ச் மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். தூக்கும்போது கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றியாக வேண்டும். திரும்ப இறக்குகிறவர்களில் பலர் அதை மாட்ட மறந்துவிடுவார்களாம்.

பேட்டரி எங்கே என்று நான் தேடினேன். இந்த வருட மாடலில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள், இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. கண்ணில் படாததால் யாரும் கவனிப்பதும் இல்லை. அந்தப் பெண் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தாள். பெரியவர் ஸ்டார்ட்டரைச் சுற்றினார். எர்த் சரியாக இருந்தால் அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். முள் இரண்டைத் தாண்டியது. "சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள்" என்றார் என்னிடம். வெதுவெதுப்பாக இருந்தது. எஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்ப வழியில்லாத மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது! வண்டிக்கடியில் போய்ப் பார்த்தால் பட்டை இருந்த இடத்தில் வெறும் போல்ட். புதுப் பட்டை மாட்டியதும் ஸ்டார்ட்டர் விசையோடு சுற்றியது.

எஞ்சின் அணைவதற்கு ரோட்டில் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. பெரியவர் ஓட்டினார், நான் பக்கத்தில். எஞ்சின் நின்றதும் கியரை எடுக்காதே, சுற்று காட்டும் மீட்டரின் முள்ளைப் பார் என்பது அவர் முறை. பெட்ரோல் வராமல் நின்றால், கார் உருளும்வரை எஞ்சினும் சுற்றும், முள்ளும் அதோடு மெல்ல இறங்கும். இக்னிஷன் அறுந்தால் கார் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தில் விழும். ஏனென்றால் அந்த மீட்டருக்குச் செய்தி வருவது காயில் வயரிலிருந்து. ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் விக்கியது. முள் துள்ளியது, விழுந்தது. பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோளாறு தன்னைக் காட்டிக்கொடுக்கும்போது மெக்கானிக்குகளுக்கு வரும் சந்தோஷத்தைச் சென்னையிலும் பார்த்திருக்கிறேன், வண்டிக்காரனுக்கு மட்டும் அது புரிவதில்லை.

ஓரமாக நிறுத்தி டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றினார். பாயின்ட்டின் முகங்கள் கருகி, ஒன்றில் மேடும் மற்றதில் குழியுமாக இருந்தன. பாயின்ட் திறக்கும் கணத்தில் அங்கே பொறி தாவாமல் தாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அப்போதுதான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து பிளக்கில் வலுவான பொறி விழும். கண்டன்சர் கெட்டால் பிளக்குக்குப் போக வேண்டிய பொறி பாயின்ட்டிலேயே எரிகிறது. சூட்டில் கெட்டு, ஆறினால் பிழைத்துக்கொள்வது மலிவான கண்டன்சரின் குணம். அணைவதும் கிளம்புவதும் பெட்ரோல் கோளாறு போலவே தெரிவதால்தான் முந்தைய உரிமையாளர் பம்பை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்.

கண்டன்சர் புதியது, ரசீது இருக்கிறது. அதுதான் சிக்கல். பழைய கார்களுக்கென்று இப்போது செய்துவரும் கண்டன்சர்களிலும் ரோட்டர்களிலும் தரம் கெட்டவை கணிசம். ரோட்டரின் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் நீளமாக இறங்கியிருந்தால் பொறி அதன் வழியே தண்டுக்கு ஓடிவிடும். ஆகவே பெரியவர் கழற்றிய பழைய பாகங்களை எறிவதில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு பழைய கண்டன்சரை எடுத்து மாட்டி, பாயின்ட்டைத் தேய்த்து, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தார். அன்று மாலை அதே மேட்டில் கார் விக்கவில்லை. புதுசு போட்டாயிற்று, ஆகவே அது இல்லை என்று கழித்துக்கொண்டு போவதுதான் பழைய கார்க்காரர்கள் விழும் பெரிய குழி.

கார்ப்பரேட்டரை அதற்குப் பிறகுதான் தொட்டார். இக்னிஷனைச் சரிசெய்யாமல் அதைத் திருகினால் இரண்டு பொய்கள் ஒன்றையொன்று சமாளிக்கும் என்கிறார். எஸ்யு கார்ப்பரேட்டரில் சோதனை எளிது. அடியிலுள்ள ஊசியை மேலே தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி இறங்கினால் சரி. மேல்மூடியில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்தார். வறண்டிருந்தது. அது இல்லாததால்தான் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் திணறியிருக்கிறது.

அதுவரை பேசாமல் நின்ற அண்ணை இங்கே குனிந்தார். அவருடைய மாமா ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஏ-55 கேம்பிரிட்ஜ் வைத்திருந்தாராம். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்ப்பரேட்டருக்குள் துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். "மண்ணெண்ணெயிலை ஓடின காருக்கே இவ்வளவு கரைச்சல் இல்லை" என்றார். எஞ்சின் சொந்தம் உண்மை. கேம்பிரிட்ஜின் 1489 சிசி, நம்மூர் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி, இந்த எம்ஜிபியின் 1798 சிசி மூன்றும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். பெரியவருக்கு மண்ணெண்ணெய்க் கதையை நான் மொழிபெயர்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எஞ்சின் ஆயில் எவ்வளவு சீக்கிரம் நீர்த்துப்போகும் என்பது. அண்ணையிடம் அதற்கும் பதில் இருந்தது. இருவரும் பேச உட்கார்ந்துவிட்டதில் வேலை கொஞ்ச நேரம் நின்றது.

ஓவர்டிரைவ் கதை சின்னது. கியர்பாக்ஸைப் பிரிக்க ஐநூறு பவுண்டு கேட்பார்கள் என்று பயந்திருந்தார் அண்ணை. பெண் கியர்பாக்ஸ் மேலிருக்கும் சுவிட்சுக்குப் போகும் வயரின் குண்டு முனையை உருவி, பச்சை பூத்த பித்தளையைச் சுரண்டி, திரும்பச் செருகினாள். விழுந்தது. இந்த வண்டியில் வயர்களின் நிறத்துக்கு ஒழுங்கு உண்டு: பழுப்பு எப்போதும் மின்சாரம், வெள்ளை சாவி போட்டால், பச்சை ஃபியூஸுக்குப் பிறகு, கறுப்பு எர்த். யாரோ பின்னால் சேர்த்த சிவப்பு வயர்கள்தான் அவளுக்கு எரிச்சல்.

வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000 பிறந்தபோது நின்றுவிட்டதால், எஞ்சின் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறதா என்றும் பெரியவர் கேட்டார். ரசீதில் இல்லை. டாப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம். அளந்து எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசியில் காந்தம் எடுத்தார். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற சில் பகுதிதான் திறந்த காருக்கு முதுகெலும்பு, மேலே கூரை இல்லையே. வழவழப்பான கரும்பச்சையில் காந்தம் ஒட்டிக்கொண்டே போய், முன்சக்கரத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் கீழே விழுந்தது. பட்டி பார்த்த இடம். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினார். கதவின் பின்விளிம்பு மேலே நெருங்கி உரசியது. பழைய துருவின் மேல் புதுத் தகட்டை மூடி வெல்டிங் அடித்திருக்கிறார்கள், உள்ளே தாங்க ஒன்றும் இல்லை. எஞ்சின் வேலையெல்லாம் மத்தியான வேலை, இது குளிர்காலம் முழுக்க என்றார். எம்ஜிபி செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடியாயிற்று, ஆனாலும் தகடு கிடைக்கும். பக்கத்து ஊரான விட்னியில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபி பாடி முழுவதையும் அடித்துக் கொடுக்கிறது.

"வெயில் காலம் முடியுமட்டும் ஓடலாமோ?"

ஓடலாம், மழையில் வேண்டாம், ரோட்டில் உப்புப் போடத் தொடங்குமுன் கொண்டுவாருங்கள் என்றார் பெரியவர். அண்ணை அக்டோபர் முதல் வாரத்தைக் கேட்டார். அந்தப் பெண் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, அந்த மாதம் ஏற்கனவே நிறைந்துவிட்டது, நவம்பரில்தான் இடம் என்றாள்.