சேலம்

வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே ஊர் போகிற கூட்டம் பையும் கையுமாக நிற்கும். "கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம்... சேலம்!" என்று கண்டக்டர் படியில் நின்று கூவுவார். என் ஊர்தான். ஆனால் அந்தக் குரலில் எனக்கு இப்போது கொச்சியும் சேர்ந்து கேட்கிறது.

கொச்சியில், மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு பலகையில் என் ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைத்து நின்றேன். ஊரல்ல, ஆள்: ஏ. பி. சேலம். 1882இல் பிறந்தவர், வக்கீல், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர்.

தெருக்கோடியில் பரதேசி ஜெப ஆலயம், 1568இல் கட்டியது. நம் கோயில் மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். சீனத்து நீலவெள்ளை ஓடுகள் வெறுங்காலுக்குச் சில்லென்றிருந்தன. நடுக்கூடத்தில் நின்று முன்னறையைத் திரும்பிப் பார்த்தேன். வக்கீல் சேலம் பிறந்த சமூகத்தாருக்கு அன்று அங்கேதான் இடம், தரையில், படியில். அவர்களுக்குப் பெயர் மெஷுக்ராரிம், அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்ட கதையை வருஷா வருஷம் பஸ்காவில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள், விடுதலை பெற்றவனை வாசலோடு நிறுத்தினார்கள். நெஞ்சு அடைத்தது.

இந்த அவமானத்துக்காகச் சேலம் மதம் மாறவில்லை. காந்தியின் சத்தியாகிரகத்தைத் தன் ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தன.

இதே சத்தியாகிரக வழியைத்தான் 1938இல் 'ஹரிஜன்' இதழில் ஜெர்மானிய யூதர்களுக்கும் காந்தி சொன்னார். மறு வருஷம் ஜெருசலேமிலிருந்து யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் மறுத்து எழுதினார்: சாட்சியே இல்லாத இடத்தில் சாகிறவனின் தியாகம் யாரைப் போய்த் தொடும்? பூபர் பக்கம்தான் நியாயம் என்பேன். கொச்சியில் உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் ஒரே தோராவைத்தான் ஓதினார்கள். சேலம் அந்த வேதத்தைக் காட்டியே கேட்க முடிந்தது. நாஜியிடம் எதைக் காட்டிக் கேட்பது?

உள்ளே, வெளியே என்ற பிரிவு எனக்கும் தெரியும். பெங்களூரில் நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் எங்களுக்கு, ஒப்பந்தக்காரர்களுக்கு, அடையாள அட்டையில் மஞ்சள் பட்டை, நிரந்தரக்காரர்களுக்கு நீலம். கேன்டீனிலும் தனித்தனி மூலை. கொச்சிக் கொடுமையோடு ஒப்பிட மாட்டேன். ஆனாலும் ஒருநாள் நீலப்பட்டை போட்ட அக்கா ஒருவர் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்றார். அன்றைக்குச் சாம்பார் ஆறிப்போயிருந்தது, அதுகூட நினைவிருக்கிறது.

யோசனையில் பஸ்ஸை விட்டுவிட்டேன். பின்னாலேயே இன்னொன்று வருகிறது. அதுவும் சேலம்தான்.