மண்ணீரல் இல்லாத தம்பிக்கு ஒரு ஊசி

என் தம்பிக்கு மண்ணீரல் இல்லை. சைக்கிள் விபத்தில் கிழிந்து, அன்றிரவே எடுக்க வேண்டி வந்தது. இப்போது ஆள் நல்ல சுகம். நியூமோகொக்கஸ் தடுப்பூசி போடச் சொன்னால் மட்டும், "எனக்குத்தான் ஒண்டும் இல்லையே அக்கா" என்று தட்டிக் கழிப்பான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிருமிகளை விழுங்கும் கலங்கள் எங்கள் உடம்பில் உண்டு. மக்ரோபேஜ் அதில் ஒன்று. ஆனால் நியூமோகொக்கஸைச் சுற்றி வழுக்குகிற சர்க்கரை உறை இருக்கிறது. சும்மா பிடிபடாது. 1903 இல் லண்டனில் அல்ம்றோத் றைற், ஸ்டூவர்ட் டக்ளஸ் என்ற இருவர், கிருமியை விழுங்கத் தோதாக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருப்பதைக் கண்டு, 'ஒப்சோனின்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'ஒப்சொன்' என்றால் பாணோடு தொட்டுச் சாப்பிடும் கறி. இடியப்பம் வெறுமையாக இறங்குமா? சம்பல் வேண்டும். அதேதான்.

இந்தச் சம்பலில் இரண்டு சாமான். ஒன்று அன்ரிபொடி. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பிறபொருளெதிரி என்பார்கள், எனக்கு நாக்குச் சுளுக்கும். அது இரண்டு கையாலும் கிருமியைப் பிடிக்க, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலைப் பிடிக்க மக்ரோபேஜில் எஃப்சி ஏற்பி இருக்கிறது.

மற்றது கொம்பிளிமென்ற் புரதமான சீ3. ஒரு லீற்றர் சீரத்தில் ஏறக்குறைய 1 கிராம். அது வெட்டுப்பட்டவுடன் சீ3பி என்ற துண்டு பக்கத்து மேற்பரப்பில் பசைபோல ஒட்டி, இன்னும் சீ3யை வெட்ட உதவும். கொஞ்ச நேரத்தில் கிருமி முழுக்கச் சீ3பி. இதைப் பிடிக்கிறது சீஆர்1. கொஞ்சம் நறுக்குப்பட்ட துண்டைச் சீஆர்3 பிடிக்கும்.

இனித்தான் விசயம். சும்மா இருக்கும் மக்ரோபேஜ், சீ3 துண்டுகளை மட்டும் கண்டால் பெரும்பாலும் பிடித்து வைத்திருக்கும், விழுங்காது. எஃப்சி ஏற்பியும் சேர்ந்தால்தான் வாய் திறக்கும். இன்னொன்று, அன்ரிபொடி இல்லாவிட்டால் சீ3பி உறைக்கு அடியில் ஒட்டி, ஏற்பிக்கு எட்டாமல் போய்விடும். உறைமேலே அன்ரிபொடி இருந்தால் சீ3பியும் உறைமேலேயே ஒட்டும்.

சரியாக அடையாளம் வைக்கப்படாத கிருமியையும் வடித்துப் பிடிக்கிற இடம் மண்ணீரல். ஈரலும் பிடிக்கும், ஆனால் அதற்குச் சம்பல் நிறைய வேண்டும். தம்பியிடம் இருப்பது ஈரல்தான். ஊசி கொடுப்பது அந்த அன்ரிபொடியை. அது மண்ணீரலைத் திருப்பித் தராது. காய்ச்சல் வந்தால் அவன் இப்பவும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்.

போன கிழமை போட்டுவிட்டான். கை நோகுதாம். இரண்டு நாளாகக் கோப்பை கழுவவில்லை.