ப்ரேக் உதறலும் ஒரு தேய்மானக் கணக்கும்

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும்போது யாருக்கும் ப்ரேக் ஞாபகம் வராது. மேகம், மரம், பெரியார் அருவி என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துக் கொண்டு வருவார்கள். இறங்கும்போதுதான் ப்ரேக் என்று ஒன்று இருப்பதே தெரியும். அதிலும் வண்டி இரண்டரை டன் எடையுள்ள பெரிய எஸ்யூவியாக இருந்து, உள்ளே ஏழு பேர் உட்கார்ந்திருந்தால் ரொம்ப நன்றாகவே தெரியும்!

கருணாபுரத்தைச் சேர்ந்த அந்த டிரைவருக்கு அது முதலில் தெரிந்தது தண்ணீர் பாட்டிலில். மலை இறங்கி, கோமுகி அணை தாண்டி, சமதளத்தில் எண்பதில் வந்து கொண்டிருந்தார். எதிரே மாட்டு வண்டி. மெதுவாக ப்ரேக்கை அழுத்தினார். கியர் பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் கிடுகிடுவென்று ஆடியது. அடுத்த நொடி ஸ்டியரிங் கையில் உதறியது. ப்ரேக்கில் இருந்து காலை எடுத்ததும் எல்லாம் நின்று போனது. மறுபடி அழுத்தினார். மறுபடி உதறல்.

அவருக்கு வயிற்றைக் கலக்கியது. பயம் வண்டியைப் பற்றி இல்லை. ஓனரைப் பற்றி.

ஏனென்றால் ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் இதே உதறலுக்காக முன் சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க், புது பேட் போட்டிருந்தார்கள். பெரிய வண்டியின் டிஸ்க் விலை தெரிந்தவர்களுக்கு ஓனரின் கோபம் புரியும்.

"ஏம்பா, ஒன்பது மாசத்துல ரெண்டாவது செட்டு. உன் கால்ல இரும்பா கட்டி வச்சிருக்க?" என்று ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் வேறு ஒன்றும் கேட்டார். "ராத்திரி ஏதாச்சும் போட்டுட்டு காலையில வண்டி எடுக்கிறியா?"

மற்ற ஊர்க்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அது வெறும் கேள்வி. கருணாபுரத்துக்காரனிடம் கேட்டால் அப்படி இல்லை. 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அதில் கருணாபுரத்துக்காரர்கள் நிறைய பேர். அந்த வாரம் முழுவதும் ஆஸ்பத்திரிக்கும் தெருவுக்கும் ஆட்களை ஏற்றி இறக்கியவர்களில் இந்த டிரைவரும் ஒருவர். அதற்குப் பிறகு எங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் முகத்தில் அதே கேள்வி ஒரு நொடி வந்து போகும். அவர் குடிப்பதில்லை. ஆனால் அதை ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொண்டா இருக்க முடியும்?

ஓனர் கணக்கை முடித்தார். டிஸ்க் செலவில் பாதி டிரைவருடையது. மாதம் 1500 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

ப்ரேக் அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் நம்மூரில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "டிஸ்க் பெண்டாயிடுச்சு." தட்டு நெளிவது போல டிஸ்க் சூட்டில் நெளிந்து விட்டது என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு.

டிஸ்க் என்பது வார்ப்பிரும்பில் செய்த கனமான வட்டம். பெரிய எஸ்யூவிகளில் முன் டிஸ்க் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் கனம் இருக்கும். அந்தக் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே போதும், உதறல் ஆரம்பித்து விடும். ஒரு தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது அது! கனமான இடம் பேடுக்குள் வரும்போது ப்ரேக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும், மெலிந்த இடம் வரும்போது குறைவாகப் பிடிக்கும். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இப்படிப் பிடித்துப் பிடித்து விட்டால் அதுதான் கையில் உதறலாக வருகிறது.

புது டிஸ்கில் இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

டிரைவர் இந்த முறை ஓனர் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார்.

"அண்ணே, மறுபடி டிஸ்க் பெண்டாயிடுச்சு."

"பெண்டானதை நீ பாத்தியா தம்பி?"

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் ஆடாமல் இருக்க நட்டுகளை மறுபடி போட்டு இறுக்கினார். டயல் கேஜை வைத்து டிஸ்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார. முள் போய் வந்தது 0.14 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி அளவு மாறும் என்றாலும், பொதுவாக 0.1-க்குள், முடிந்தால் 0.05-க்குள் இருப்பது நல்லது. அடுத்து மைக்ரோமீட்டர் வைத்து எட்டு இடத்தில் கனத்தை அளந்தார். அதிகத்துக்கும் குறைவுக்கும் 0.03 வித்தியாசம்.

பிறகு டிஸ்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அது உட்காரும் ஹப்பைக் காட்டினார். அதில் செதில் செதிலாகத் துரு. ஒன்பது மாதத்துக்கு முன்னால் டிஸ்க் மாற்றியவர் அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்கை மாட்டியிருக்கிறார். போதாததற்கு, நடுவில் டயர் மாற்றிய கடையில் நட்டுகளை ஏர் கன் வைத்து அடித்திருக்கிறார்கள். ஒரு நட்டு பேய் இறுக்கம், பக்கத்து நட்டு சுமார்.

ஹப்பில் ஒரு துளி துரு மேடாக இருந்தால், டிஸ்கின் விளிம்புக்கு வரும்போது அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டமாக மாறும். அந்த ஆட்டம் முதல் நாளே கையில் தெரியாது. ஆனால் ப்ரேக் அழுத்தாமல் சும்மா ஓடும்போதும் டிஸ்கின் ஒரு பக்கம் பேடை லேசாகத் தொட்டுத் தொட்டுப் போகும். இந்த மாதிரி வண்டியில் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 400 முறை சுற்றும். 5000 கிலோமீட்டர் ஓடினால் இருபது லட்சம் முறை அதே இடத்தில் உரசல். அந்த இடம் தேயும். கனம் மாறும். அப்புறம்தான் உதறல்.

புது டிஸ்க் போட்ட சில மாதங்கள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு உதறல் திரும்பி வருவதன் ரகசியம் பல சமயம் இதுதான். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் எத்தனை செட் மாற்றினாலும் கதை திரும்பும். லேத்தில் கடைந்தாலும் அப்படியே. லேத்தில் நேராக இருந்த டிஸ்க் துருவின் மேல் மறுபடி கோணலாகத்தான் உட்காரும். கூடவே டிஸ்க் மெலிந்தும் போயிருக்கும். எவ்வளவு மெலியலாம் என்ற அளவை டிஸ்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மெக்கானிக் கம்பி பிரஷும் எமரி பேப்பரும் வைத்து ஹப்பைப் பளபளவென்று தேய்த்தார். புது டிஸ்கை மாட்டி, டார்க் ரெஞ்ச் வைத்து நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவாக இறுக்கினார். ஓனருக்கு போன் போட்டு வரச் சொன்னார். ஓனர் கண் முன்னாலேயே டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். முள் 0.04-க்கு மேல் போகவில்லை.

"பையன் கால்ல இரும்பு இல்லீங்க. இங்கதான் துரு இருந்துச்சு" என்றார் மெக்கானிக்.

ஓனர் ஒன்றும் பேசவில்லை. டிரைவர் அதோடு விட்டிருக்கலாம். முள் அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது. மாதம் 1500 ரூபாய் மிச்சம். ஆனால் அவர் சொன்னார்: "இறக்கத்துல நானும் டி-யில போட்டு ப்ரேக்குல கால வச்சுக்கிட்டேதான் வருவேன் முதலாளி. கியரைக் குறைச்சா இன்ஜின் சத்தம் போடுது, ஏறினவங்க திட்டுறாங்க."

இது இரண்டாவது காரணம். கள்வராயன் மலை மாதிரி இடங்களில் முக்கியமான காரணமும் கூட. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2500 கிலோ வண்டி 600 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த உயரத்தில் இருந்த சக்தி எல்லாம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? எல்லாவற்றையும் ப்ரேக்கே வாங்கிக் கொண்டால், அந்தச் சூட்டில் சாதாரணத் தண்ணீர் 50 லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு தெருவுக்கே பொங்கல் வைக்கலாம்! அதை வாங்கிக் கொள்வது நான்கு டிஸ்க். அதிலும் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டுக்கு.

சூடான டிஸ்கில் பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டும். மலை இறங்கியதும் டீக்கடை முன்னால் நிறுத்தி, "இறங்கலாமா, வேண்டாமா" என்று பின்னால் பேசிக் கொண்டிருக்கும் வரை ப்ரேக்கை அழுத்திப் பிடித்திருந்தால், பேடின் வடிவம் டிஸ்கில் முத்திரை குத்திய மாதிரி பதிந்துவிடும். சூடு இன்னும் ஏறி 650, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திட்டுகளுக்குக் கீழே வார்ப்பிரும்பின் தன்மையே மாறி, சிமென்டைட் என்ற கடினமான பகுதிகள் உருவாகும். சுற்றியிருக்கும் இடம் தேயத் தேய அவை மேடாக நிற்கும். பேடும் வேகமாகத் தீரும்.

உதறலோடு போனால் பரவாயில்லை. ப்ரேக் ஆயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அதுவே 155 என்று ஆகிவிடும். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது. கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால்... வேண்டாம், சொல்லவே வேண்டாம். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

மாற்று வழி பழைய லாரிக்காரர்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. ஆட்டோமேட்டிக் என்றாலும் குறைந்த கியரில் பிடித்து வைக்க வழி இருக்கும். இன்ஜின் வண்டியைப் பிடித்துக் கொள்ளும். ப்ரேக்கை அழுத்தினால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிட வேண்டும். டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தமாஷ் உண்டு. தமிழில் டிஸ்க் தேய்வதற்கும் தேய்மானம்தான், கணக்குப் பதிவியலில் சொத்தின் மதிப்பு குறைவதற்கும் தேய்மானம்தான். நேர்கோட்டு முறையில் வருடா வருடம் ஒரே தொகை கழிப்பார்கள். குறைந்துசெல் மதிப்பு முறையில் மீதியில் இருந்து ஒரு சதவீதம் கழிப்பார்கள். 1962-ஆம் வருட வருமான வரி விதிகளின் அட்டவணையில் சாதாரணக் காருக்கு 15 சதவீதம் என்றால், வாடகைக்கு ஓட்டும் தொழிலில் உள்ள வண்டிக்கு 30 என்று இருந்தது. "எவ்வளவு" என்ற கேள்விக்கு அதில் பதில் உண்டு. "ஏன்" என்று எழுத ஒரு காலம் கூட கிடையாது. அந்தக் காலி இடத்தை யார் பெயரை வைத்து நிரப்புவது? பக்கத்தில் நிற்பவன் பெயரை வைத்துத்தான் ஓனர் நிரப்பினார். ஊர்ப் பெயர் அதற்கு வசதியாக இருந்தது.

மொத்த மலைக்கும் இது பொருந்தும். 2024-ல் சாராய மரணங்களுக்குப் பிறகு, கள்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகப் பேச்சு வந்தது அப்போதுதான். அதுவரை பலருக்கு "அவங்க அப்படித்தான்" என்ற பதிலே போதுமாக இருந்தது.

பட்டறையில் ஓனர் கொஞ்ச நேரம் டயல் கேஜையே பார்த்துக் கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "பிடித்தம் வேண்டாம். இந்த செட்டு எத்தனை மாசம் வருதுன்னு பாப்போம்." மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அன்று கேட்ட அந்த இன்னொரு கேள்வியைப் பற்றியும் பேசவில்லை. டிரைவரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது அந்த செட் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. போன மாதம் சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பத்தை மேகம் அருவிக்குக் கூட்டிப் போய்விட்டு இறங்கிக் கொண்டிருந்தார். குறைந்த கியர். இன்ஜின் உறுமிக் கொண்டே வந்தது.

"என்னங்கண்ணா, வண்டி இப்படிக் கத்துது?" என்றார் பின்னால் இருந்த அம்மா.

"இன்ஜின் கத்தினா தப்பில்லீங்கம்மா. ப்ரேக்தான் கத்தக் கூடாது."

கோமுகி அணை தாண்டியது. சமதளம் வந்தது. எதிரே ஆட்டு மந்தை. ப்ரேக்கை அழுத்தினார், கண் தானாகவே பாட்டில் பக்கம் போனது.

தண்ணீர் அசையவில்லை.