பேட்டர்ன் யாருடையது?

சிங்காநல்லூரில் வெப்சைட் செய்து கொடுப்பவனிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். பம்ப், கியர், வெட் கிரைண்டர் என்று கம்பெனி நடத்துபவர்கள் ஒரு வகை. அவர்களுக்குக் கேட்லாக் வேண்டும், என்கொயரி ஃபார்ம் வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ள ஆபீஸில் ஆளும் இருக்கும். தன் பெயரில் நாலு பக்கம் இருந்தால் போதும் என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. ஓய்வு பெற்ற வாத்தியார், நம் குளத்துக்கு வரும் பறவைகளைப் படமெடுக்கும் வங்கி ஊழியர், வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் கல்லூரிப் பெண். இவர்கள் உட்காரும்போதே கேட்பது ஒன்றுதான். "எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்க? காசில்லாமக் கிடைக்கறதாப் பாத்துச் சொல்லுங்க."

"மாசத்துக்கு எத்தனை தடவை அதுல மாத்தி எழுதுவீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வாராவாரம் என்று உற்சாகமாகச் சொல்வார்கள். போன வருடத்து டைரியில் எத்தனை பக்கம் நிரம்பியது என்று கேட்டால் உண்மை மெதுவாக வெளியே வரும். பத்துப் பேரில் பாதிக்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை போன் நம்பரை மாற்றுவதோடு சரி.

அப்படிப்பட்டவருக்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், கையால் எழுதிய ஹெச்டிஎம்எல், நிறத்துக்கும் அளவுக்கும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பு. தீர்ந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வெளியிட்ட முதல் வலைப்பக்கம் இன்றைய போனிலும் திறக்கிறது. அந்தத் தொழில்நுட்பத்தை 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் யாருக்கும் உரிமைக் கட்டணம் இல்லாமல் பொதுவில் விட்டுவிட்டது. கையால் எழுதிய பக்கம் அப்டேட் கேட்காது, பாஸ்வேர்டு இல்லாததால் திருடவும் ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சொன்னால் வருகிறவர் முகம் வாடிவிடும். ஏதோ ஒரு பெரிய பெயரைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார்.

ஃபவுண்டரித் தொழில் தெரிந்த ஊர் என்பதால் அவர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். வார்ப்புக்குக் கொடுக்கிற பார்ட்டி முதலில் பார்க்க வேண்டியது, அச்சு எடுக்க வைக்கும் மாதிரியான பேட்டர்ன் யாருடையது என்பதைத்தான். பேட்டர்ன் பார்ட்டியுடையது என்றால், விலை ஒத்துவராத அன்றைக்கு வேனை வைத்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஃபவுண்டரிக்குப் போய்விடலாம். ஃபவுண்டரிக்காரர் தன் செலவில் செய்துகொண்ட பேட்டர்ன் என்றால் காஸ்டிங் மட்டும்தான் கைக்கு வரும். காசில்லாமல் சைட் கட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற கம்பெனிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. இழுத்து வைத்தால் பக்கம் தயார், அழகாகவும் இருக்கும். வெளியே எடுத்துப் போகத்தான் வழியிருக்காது.

இதில் பயமுறுத்தல் எதுவும் இல்லை, நடந்த கதைகள்தான். 1990-களில் உலகமே வீடு கட்டிக் குடியிருந்த ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது. எடுத்து வைத்துக்கொள்ளாதவர்களின் பக்கங்களில் ஆர்வலர்கள் அள்ளிச் சேமித்ததுதான் மிச்சம். டாட் டிகே போன்ற டொமைன்களைச் சும்மா கொடுத்துவந்த ஃப்ரீநாம், 2024-இல் டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

வேர்ட்பிரஸ் முதல் வகை, பேட்டர்ன் பார்ட்டியுடையது. 2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், பராமரிப்பில்லாமல் கிடந்த பி2 என்ற மென்பொருளின் நிரலை எடுத்து வளர்த்ததுதான் இது. ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் யாரிடமும் போய் நிற்காமல் எடுக்க முடிந்தது. இன்று உலக வலைத்தளங்களில் பத்தில் நாலுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. 2018-இல் எடிட்டரை அடியோடு மாற்றியபோது பிடிக்காதவர்கள் அதே உரிமத்தைப் பிடித்துக்கொண்டு கிளாசிக்பிரஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். 2024-இல் முல்லன்வெக்குக்கும் ஒரு பெரிய ஹோஸ்டிங் கம்பெனிக்கும் சண்டை முற்றி, அந்தக் கம்பெனியில் சைட் வைத்திருந்தவர்கள் கொஞ்ச நாள் பிளகின் அப்டேட் கிடைக்காமல் தவித்ததும் உண்டு. அப்போதும் அவர்களுடைய பதிவுகளை ஏற்றுமதி செய்து வேறிடம் போக வழி திறந்துதான் இருந்தது.

வாரத்துக்கு ஒன்று நிஜமாகவே எழுதுகிறவர், போனிலிருந்தே படம் போட வேண்டும் என்பவர், என்னைக் கூப்பிடாமல் தானே செய்துகொள்ள வேண்டும் என்பவர், இவர்களுக்கு வேர்ட்பிரஸ்தான். ஆனால் அதற்குள் பிஹெச்பி, டேட்டாபேஸ், தீம், பிளகின் என்று நாலு உயிர்கள் இருக்கின்றன. நாலுக்கும் தீனி போட வேண்டும். கவனிக்காமல் விட்ட பழைய பிளகின் வழியாகத்தான் பெரும்பாலும் திருடன் உள்ளே வருவான்.

தமிழில் எழுதுகிறவருக்கு அதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பதிவின் தலைப்பை வைத்து வேர்ட்பிரஸ் தானே முகவரி அமைத்துக்கொள்ளும். சிங்காநல்லூர் என்பது நம் கணக்கில் ஏழெழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி என்பதால் 13 குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 39. முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து 117 ஆகிவிடும். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். இரண்டு மூன்று சொல் தாண்டினால் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாகத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுப்பேன். தமிழ்ப் பற்றுள்ளவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்த் தலைப்போடு நீளும் லிங்க்கை வாட்ஸாப்பில் ஒட்டிப் பார்த்த பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

கையால் எழுதும் ஹெச்டிஎம்எல்லுக்கும் வேர்ட்பிரஸுக்கும் நடுவில் இருப்பவைதான் எனக்குப் பிடித்தமானவை. 2008-இல் வந்த ஜெக்கில், 2013-இல் வந்த ஹியூகோ. கட்டுரைகள் வெறும் எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். கட்டளை கொடுத்தால் எல்லாவற்றுக்கும் தலைப்பு, பட்டியல், அடிக்குறிப்பு சேர்த்து ஹெச்டிஎம்எல்லாக வார்த்துத் தரும். கறுப்புத் திரையைக் கண்டால் பயம் என்பவர்களுக்கு பப்ளீ இருக்கிறது. அதுவும் கட்டற்ற மென்பொருள்தான், வேர்டு மாதிரி சன்னலில் எழுதிச் சேமிக்கலாம். வெளிவந்த பக்கங்களை கிட்ஹப் பேஜஸில் செலவில்லாமல் வைக்கலாம். கிட்ஹப் இன்று மைக்ரோசாஃப்டின் சொத்து, அதை நான் மறைப்பதில்லை. நாளைக்கு அவர்கள் மூடினாலும் அதே ஃபோல்டரை வேறு சர்வரில் ஏற்றினால் வேலை முடிந்தது.

வாத்தியார் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஒண்டிப்புதூரிலிருந்து வந்த தமிழாசிரியர் ஒருவர், பல வருடம் எழுதிய கட்டுரைகளை பென்டிரைவில் கொண்டுவந்தார். எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்புகள். "சும்மா ஏத்தி உட்டாப் போதும் தம்பி" என்றார். திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. அந்தக் காலத்து எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தி வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே கிடையாது.

லிப்ரெஆபீஸில் திறந்து, எழுத்துரு மாற்றி என்ற கருவியில் போட்டு, யூனிகோடாக்கினோம். மாற்றிக்கு நிறைய வேலை. பழைய முறையில் 'கொ' என்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில் வர வேண்டும், பிறகுதான் உயிர்க்குறி. அதை அது ஒழுங்காகத் திருப்பிப் போட்டுவிடும். சிக்கல் வேறிடத்தில். கட்டுரைக்கு நடுவே ஆசிரியர் ஆங்கிலத்தில் போட்ட நூல் பெயர்களையும் தமிழென்று நினைத்து வாயில் நுழையாத சொற்களாக்கி வைத்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும். ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிழை திருத்தும் பழக்கத்தில் சந்திப்பிழைகளையும் சேர்த்துத் திருத்தினார். அப்புறம் பாண்டாக் என்ற கட்டற்ற கருவி அத்தனை வேர்டு கோப்புகளையும் எழுத்துக் கோப்புகளாக்கிக் கொடுத்தது.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டும் அறிவிப்பு நம் ஊரோடு தொடர்புடையது. 2010 ஜூனில் கோவை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு, கூடவே தமிழ் இணைய மாநாடு நடந்தபோதுதான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகளுக்கு இன்று மாற்றிதான் தேட வேண்டியிருக்கிறது. அதனால் எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் பக்கத்தின் தலையில் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்ற ஒற்றை வரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். தீம் எவ்வளவு அழகென்பது பிறகுதான்.

தீம் செய்கிறவர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்துத்தான் வரி இடைவெளி விடுகிறார்கள். மேலே சுழியும் கீழே வளைவுமாக நம் எழுத்து அதில் மூச்சு முட்டும். எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைத்தால் கண் நிம்மதியாக ஓடும். நோட்டோ வரிசையில் தமிழுக்கு இரண்டு நல்ல எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. கட்டுரைக்கு ஒன்றே போதும். மூன்று நாலு எழுத்துருவைத் திணித்தால், பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் திறக்கிறவருக்குப் பக்கம் வருவதற்குள் மதுரை பஸ் வந்துவிடும்.

தானே கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குத் தமிழில் உதவி இருக்கிறது. கணியம் குழு 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யாவின் 'எளிய தமிழில் ஹெச்டிஎம்எல்' மின்னூலாகச் செலவில்லாமல் கிடைக்கும். கல்லூரிப் பெண்ணை அந்தப் பக்கம்தான் அனுப்பினேன். அவளே செய்துகொண்டாள், எனக்கு ஒரு பார்ட்டி குறைந்தது.

மென்பொருள் எதுவானாலும் வாசகர்கள் இரண்டு காரியம் செய்துகொள்ளுங்கள். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் பதியுங்கள். செய்து கொடுப்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, அவர் பெயரில் விடாதீர்கள். நான் செய்து கொடுத்தாலும் இதே பேச்சுத்தான். பிறகு, சைட்டின் முழு நகலையும் கேட்டு வாங்கி ஒரு பென்டிரைவில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள். நகல் தர முடியாது என்று சொல்கிற ஆளிடமும் மென்பொருளிடமும் வேலை கொடுக்காதீர்கள்.