எடைக் கட்டம்

மாமாவின் டி.பி. அட்டை இன்னும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மருந்து வாங்கிய நாளுக்கெல்லாம் டிக் அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் எடைக்கு ஒரு கட்டம். முதல் மாதம் 41 கிலோ. அப்புறம் எல்லாம் காலி. ஜார்க்கண்ட் ஆய்வைப் படித்த இரவு அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

*

ஆய்வுக்கு ‘ரேஷன்ஸ்’ என்று பெயர். 2023 ஆகஸ்டில் வெளியானது. மங்களூரு யேனபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்தியது. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. நோயாளிகள் 2,800 பேர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் இருந்தவர்கள் 10,345 பேர். இந்த வீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் போன்ற பழங்குடி மக்கள். நோயாளிகளில் ஆண்களின் சராசரி எடையே 43 கிலோவைத் தொடவில்லை.

நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ மூட்டை: அரிசி, வறுத்த கடலை மாவு, பால்பவுடர், எண்ணெய். ஏறக்குறையப் பாதிக் குடும்பங்களில் வீட்டாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே ஊட்ட மாத்திரை. மற்றக் குடும்பங்களின் வீட்டார் வழக்கம்போல் இருப்பதைச் சாப்பிட்டார்கள்.

அந்தக் கடலை மாவுக்கு அங்கே ‘சத்து’ என்றுதான் பெயர். நம் சொல்லுக்கும் அதற்கும் உறவு இல்லை. ஆனாலும் படித்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்.

*

பருப்பு போகாத வீடுகளில் 4,712 பேரில் 122 பேருக்கு டி.பி. வந்தது. போன வீடுகளில் 5,602 பேரில் 96 பேருக்கு. கணக்கைச் சீர்செய்து பார்த்தால் 39 சதவீதம் குறைவு. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் டி.பி. மட்டும் என்றால் 48 சதவீதம். சுமார் முப்பது வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்கிறார்கள். தடுப்பூசிக்கு இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் எல்லாப் பத்திரிகைகளும் முதல் பக்கத்தில் போட்டிருக்கும். துவரம்பருப்புக்கும் போட்டிருக்க வேண்டும்.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உடம்பு அதை அடக்கியே வைத்திருக்கும். வயிறு காய்ந்து உடம்பு இளைத்தால் அந்தப் பிடி தளர்கிறது.

*

சென்னைக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் மெட்ராஸின் நெருக்கடியான வீடுகளில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு அதே மாத்திரைகளை விழுங்கினார்கள். ஒரு வருட முடிவில் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் வந்த அந்த முடிவு உலகத்தையே மாற்றியது. படுக்கை கிடைக்காத ஏழைக்கு வீட்டிலேயே வைத்தியம் கிடைத்தது. அந்த ஆய்வைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் அது சொன்னது, மாத்திரை கிருமியைக் கொல்லும் என்பதை. நாம் கேட்டுக்கொண்டது, சாப்பாடு முக்கியமில்லை என்று. இந்த வித்தியாசம் புரிய நமக்கு அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

*

ஜார்க்கண்ட் ஆய்வில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளிடம் சாகும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்ததாம். 41 கிலோவில் 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோ. மாமா சுமை தூக்கியவர். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும் என்பார். ‘நல்லா சாப்பிடுங்க’ என்று மருந்து கொடுத்த இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். எதைச் சாப்பிடுவது என்று அத்தை கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு கிலோ.

*

2022-ல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்ததிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நோய் தெரிந்த உடனே எடை, உயரம், மூச்சு வேகம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, காலில் வீக்கம் உண்டா என்று பார்க்கிறார்கள். ரொம்ப இளைத்தவர்களை முதலில் வார்டில் சேர்க்கிறார்கள். தராசு இப்போது உயிர் காக்கும் கருவி.

*

நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நல்லது. ஆனால் ஜார்க்கண்டில் நோயைத் தடுத்தது, கூட இருந்தவர்களின் தட்டில் விழுந்த பருப்பு. அவர்களுக்கான உணவை நன்கொடையாளர்கள் கையில் விட்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை. நம் ரேஷன் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். டி.பி. இருக்கும் வீட்டு அட்டையில் ஆறு மாதத்துக்குத் தலைக்கு ஒன்றரைக் கிலோ என்று ஏற்றிக் கொடுங்கள். கடை இருக்கிறது, பருப்பு இருக்கிறது, வீட்டு விலாசமும் மருந்து கொடுப்பவர்களிடம் இருக்கிறது.