வீட்டு மொழியும் வீதிப் பாட்டும்

ஒரு நாட்டு மக்களின் மனத்தை அறியச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. வேலை முடிந்த மாலையிலே அவர்கள் எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து திரும்பியதும், பக்கத்து அறையிலுள்ள ஜாவா நண்பர் கைபேசியில் காட்டும் இந்தோனேசியப் பாடல்களைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன்.

அங்கே 'டங்டுட்' என்றோர் இசை உண்டு. கொட்டின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. மலாய்ப் பாட்டும், அரபு இசையும், இந்திப் படப்பாட்டும் கலந்து பிறந்தது அது. 1970-களில் ரோமா இராமா அதனுடன் மின்கித்தாரைச் சேர்த்து நாடெங்கும் பரப்பினார். ஆயினும் நகரத்துக் கனவான்கள் அதைப் பட்டிக்காட்டுப் பாட்டு என்று முகஞ்சுளித்தனர்.

பின்னர் யூடியூப் வந்தது. எதைக் காட்டுவது என்ற உரிமை மக்கள் கைக்கும் வந்தது. 2011-இல் நார்மன் காமாரு என்ற போலீஸ்காரர் சீருடையுடன் 'சைய்ய சைய்யா' பாட்டுக்கு வாயசைத்த காட்சி நாட்டையே மகிழ்வித்தது. நம் ரகுமான் மெட்டமைத்த பாட்டல்லவா அது!

ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தவர் டிடி கெம்போட். இந்தோனேசிய மொழியே அங்கே ஆட்சிமொழி, பள்ளிமொழி. தெருப்பாடகராய்த் தொடங்கிய இவரோ வீட்டு மொழியாகிய ஜாவா மொழியிலே பாடினார். சோலோ நகரத்துப் பாலாப்பான் ரயில் நிலையத்தில் நேர்ந்த பிரிவைப் பாடினார். 2019-இல், இணையத்தில் அவரைக் கண்ட இளைஞர்கள் 'உள்ளம் உடைந்தோரின் தலைவர்' என்று கொண்டாடினர். அரங்குகளில் கூடி அழுதுகொண்டே ஆடினர். 2020 மே 5-இல் அவர் மறைந்தார். பாட்டு மறையவில்லை. 2022 சுதந்திர தினத்தன்று ஜாகர்த்தா அரண்மனையில் ஒரு சிறுவன் ஜாவா மொழிப் பாட்டுப் பாட, அமைச்சர்களும் எழுந்து ஆடினார்கள்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. என் அக்காள் மகள் இந்த டில்லியிலே பிறந்தவள். தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொல்கிறாள். தமிழின் தொன்மையை எடுத்துச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். மொழி பெருமையினால் மட்டும் வாழ்வதில்லை. தன் ஊரை, தன் துயரை, தன் சிரிப்பை அதிலே கேட்கும்போதுதான் இளநெஞ்சம் அதைப் பற்றிக்கொள்கிறது. அவள் ஊரோ டில்லி. அந்த டில்லியைப் பாடும் தமிழ்ப்பாட்டு எங்கே?

நண்பர்களே, சங்க ஆண்டுவிழாவில் திரைப்பாடல்களைத் திரும்பப் பாடுகிறோம். நன்று. அவற்றோடு, புதுடில்லி நிலையத்திலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புறப்படும் இரவைப் பற்றியும் நம்மில் ஒருவர் ஒரு பாட்டுக் கட்டலாகாதா? கைபேசியில் பதித்து அனுப்ப நான் இருக்கிறேன்.