திரும்பி வர வேண்டாத டப்பா

பெட்டி செய்ய உட்காரும் முன் இனிப்பை அளந்துகொள்ள வேண்டும். கடையில் இது தலைகீழ். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அட்டை டப்பாக்கள் முன்பே அடுக்கில் காத்திருக்கும். ஜாங்கிரிதான் நெளிந்து வளைந்து உள்ளே போக வேண்டும். மூடியை அழுத்தும்போது அதன் ஓரம் நொறுங்கும். நொறுங்கியதற்கும் சேர்த்துத்தான் காசு.

நான் எடுப்பது பெரும்பாலும் ஏ4 தாள். கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இந்தத் தாளைக் கரும்புச் சக்கையிலிருந்து செய்கிறது. 1979-இல் அரசு அதைத் தொடங்கியதே சக்கையைத் தாளாக்கத்தான். சாறு சர்க்கரையாகப் போக, சக்கை தாளாகி, கடைசியில் என் சமையலறையில் இரண்டும் மறுபடி சந்தித்துக்கொள்கின்றன. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். நீளத்தில் மிஞ்சுவதை வெட்டிவிட்டால் சதுரம். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நடுக்கோடு வரை மடித்துப் பிரிக்க வேண்டும். எதிரெதிர் மூலைகள் இரண்டை மட்டும் விரித்துச் சுவர்களை நிமிர்த்தி, நுனிகளை உள்ளே கவிழ்த்தால், பசை இல்லாமலே ஒரு பெட்டி நிற்கும். அடிப்பக்கம் 7.4 சென்டிமீட்டர் சதுரம். உயரம் அதில் சரிபாதி. ஜப்பானில் அரிசி அளக்கும் மரப்படிக்கு மாசு என்று பெயர். இந்த மடிப்புக்கும் அதே பெயர்தான். மூன்றரை சென்டிமீட்டர் கனத்தில் பிடித்த கடலை உருண்டைகள் இரண்டிரண்டாக நான்கு, ஆடாமல் உட்காரும். பொரி உருண்டை பெரிது. அதற்கு 30 சென்டிமீட்டர் சதுரம் எடுத்தால் அடிப்பக்கம் பத்தரைக்குக் கொஞ்சம் மேலே வரும். மூடிக்கும் அதே அளவுத் தாள் போதும். பக்கங்களை நடுக்கோட்டைத் தொடவிடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு மடித்தால் மூடி அந்த அளவுக்கு அகலும்.

தாள் மடிப்பதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஒரு ரெவின்யூ அதிகாரியைக் காட்டுவது வழக்கம். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் படித்து, சென்னை மாகாண வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர் டி. சுந்தரராவ். வெறும் சதுரத் தாளை மடித்தே ஐங்கோணம், அறுகோணம் என்று வடிவியல் முழுவதையும் கட்டிக் காட்டி 1893-இல் சென்னையில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். ஜெர்மன் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் அதைத் தன் நூலில் குறிப்பிட, 1901-இல் அமெரிக்காவிலும் அது அச்சேறியது. குழந்தைகளுக்காக ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்குப் பரிசு என்று பெயர். அதில் எட்டாம் பரிசான தாள் மடிப்புதான் தனக்கு இந்த யோசனையைத் தந்ததாகச் சுந்தரராவே எழுதியிருக்கிறார். எங்கள் திருவண்ணாமலை வேங்கிக்காலில் ரெவின்யூ அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை, மாவட்ட ஆட்சியர் அலுவலகமே இங்கேதான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் யாராவது ஐங்கோணம் மடிக்கிறார்களோ என்னவோ.

எங்கள் வீட்டில் இனிப்பு போய் வந்த பாத்திரம் எவர்சில்வர் சம்படம். வாங்கும்போதே கடையில் பேர் வெட்டித் தருவார்கள். தெருவில் நாலு வீடு சுற்றினாலும் அது வழி தெரிந்து வந்து சேரும். வரும்போது வெறுமனே வராது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது, கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையாவது. இதில் அன்பு உண்டு, அன்போடு ஒரு கணக்கும் உண்டு. பலகாரம் வாங்கிய வீட்டில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததுமே, இதில் என்ன போட்டு அனுப்புவது என்ற யோசனை ஆரம்பிக்கும். மாதக் கடைசியில் அந்த யோசனை லேசானதல்ல. அடுத்த வீட்டுச் சம்படம் பத்து நாள் அலமாரியில் உட்கார்ந்திருந்தால், கைமாற்று வாங்கிய காசு மாதிரி கண்ணை உறுத்தும்.

வேங்கிக்காலில் இந்தச் சட்டத்துக்கு வேறொரு இடைஞ்சலும் உண்டு. 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் எங்கள் பக்கம் இருப்பதால், சுற்றியுள்ள வாடகை வீடுகளில் அரசாங்க வேலைக்காரர்கள் நிறைய. மாறுதல் உத்தரவு வந்தால் ஒரே வாரத்தில் வீடு காலி. அவர்கள் சாமான் ஏற்றின வண்டியில் நம் சம்படமும் ஏறிப் போய்விடும். “அக்கா, உங்க டப்பா எங்கிட்டயே வந்துடுச்சிக்கா” என்று கிருஷ்ணகிரியிலிருந்து போன் வரும். கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. பேர் வெட்டியது ஆயிற்றே.

காகிதப் பெட்டி எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். திரும்பி வர வேண்டியதில்லை. வாங்குகிறவர் தின்றுவிட்டுக் கசக்கி எறியலாம். கடை அட்டை டப்பாவும் திரும்பி வருவதில்லையே என்று கேட்டால், உண்மைதான். ஆனால் அதன் மேல் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பெயரைப் பார்த்ததும் கிலோ என்ன விலை என்பது வாங்கினவருக்கு விளங்கிவிடும். அடுத்த தீபாவளிக்கு அதே கடையில் அதே எடைக்கு ஒரு டப்பா நம் வீட்டு வாசலுக்கு வரும். அது சம்படத்தைவிடக் கறாரான கணக்கு. கையால் மடித்த பெட்டியில் விலை ஒட்டுவதில்லை. நாலு உருண்டைக்கு யாரும் பதில் மரியாதை தேட வேண்டாம்.

ஏ4 வெள்ளையாக இருப்பது பிடிக்காதவர்களுக்கு வீட்டிலேயே தாள் கிடக்கிறது. சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராக வருகிற மாதக் காலண்டரின் வழவழத் தாள் நன்றாக மடியும்; அச்சுப் பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே. கல்யாணப் பத்திரிகை அட்டை இன்னும் அழகு, ஆனால் கெட்டி. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்ட பிறகுதான் மடிக்க வேண்டும். இரண்டிலும் சாமி படம் இருக்கும். பிள்ளையாரின் தும்பிக்கை மேல் மடிப்பு விழ எனக்கு மனசு வராது. படத்தை வெட்டி பீரோவில் வைத்துவிட்டு மிச்சத்தில்தான் பெட்டி. பீரோவில் இப்போது பிள்ளையார்கள் எக்கச்சக்கம்.

தாளுக்குத் திசை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இயந்திரத்தில் ஓடி வருகிற தாளில் நார்கள் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. செய்தித்தாளைக் கிழித்தால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கோணல்மாணலாகவும் கிழிவது அதனால்தான். அட்டையை நார் ஓடும் திசையில் மடித்தால் கோடு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் வெடித்து உள்நார் தெரியும். கைக்காகிதத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த தொழிற்சாலையில் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவை அரைத்துத் தாள் செய்கிறார்கள். சல்லடைச் சட்டத்தைக் கூழில் முக்கித் தூக்குவதால் நார் நாலாபக்கமும் விழுகிறது, எப்படி மடித்தாலும் ஒன்றுதான். தொட்டால் துணி மாதிரி இருக்கும். நாலு உருண்டைக்கு அந்தத் தாள் கொஞ்சம் டம்பம்தான்.

உள்ளே என்ன விரிப்பது என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. செய்தித்தாள் கூடவே கூடாது. பஜ்ஜியையும் வடையையும் அதில் கட்டித் தின்றே வளர்ந்தோம் என்பது வாதமாகாது. அச்சு மை எண்ணெயில் ஊறி உணவில் இறங்குகிறது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-இல் எச்சரித்தது. பளபள பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். பட்டர் பேப்பர், இல்லையென்றால் தணலில் வாட்டித் துடைத்த வாழையிலை. ஒட்ட வேண்டிய பெட்டியானால் பசையை வீட்டிலேயே கிண்டிக்கொள்ளலாம். பைண்டிங் கடையிலிருந்து மைதாப் பசை வாங்கி வரக் கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம்.

எங்கள் ஊரில் இந்தப் பெட்டிகளுக்கு வேலை வருவது கார்த்திகையில். மகாதீபம் மலையுச்சியில் ஏற்றிய பின் 11 நாள் எரியும். எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். தீபத்தன்று ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது. யார் வீட்டுக்கும் போக முடியாது. அதனால் பொரி உருண்டை கைமாறுவது மறுநாளிலிருந்து. மழைக்காலம் வேறு. காகிதம் ஈரத்தை உள்ளே விடும். பொரி இரண்டு நாளில் நமுத்துப்போகும், வெல்லப்பாகு கசியத் தொடங்கும். காற்றுப் புகாத டப்பாவோடு காகிதம் போட்டி போட முடியாது. சீக்கிரம் தின்னுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

போன கார்த்திகைக்கு மாடி வீட்டுப் பாட்டிக்கு ஒரு பெட்டி கொடுத்தேன். காலண்டர் தாள், மேலே ஏதோ ஓர் அருவியின் படம். மறுநாள் மாலை பேத்தி கையில் அதே பெட்டி இறங்கி வந்தது, உள்ளே மூன்று தேன்குழல். இது பேப்பர் டப்பா பாட்டி, திருப்பித் தர வேண்டாமே என்று மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன். “இருக்கட்டும்மா, வெறும் டப்பாவ எப்படிக் குடுக்கறது?” என்றார். அவருக்குத் திருப்பித் தர வேண்டாத டப்பா என்றே ஒன்று கிடையாது. நான் சட்டத்தை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டியின் சட்டப் புத்தகத்தில் காகிதமும் பாத்திரம்தான். தேன்குழல் நன்றாக இருந்தது.

அதிரசத்துக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. சுட்டதும் இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எவ்வளவு பிழிந்தாலும் மறுநாள் அது எண்ணெய் விடும். பட்டர் பேப்பரைத் தாண்டி அட்டையில் வட்ட வட்டமாகக் கறை ஏறும். இரண்டு இலை விரித்தாலும் கதை அதேதான். ஆகவே அதிரசம் பழையபடி எவர்சில்வர் சம்படத்தில்தான் போகிறது, அந்த வீட்டில் யாருக்காவது மாறுதல் வரப்போகிறதா என்று விசாரித்த பிறகு.